கேள்வி-பதில்: ஒரு வேரியபிளின் பெயரை மாற்றுவது சின்ன வேலையா?

போன இதழில், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளின் மூல நிரலை இறக்கி, வீட்டுக் கணினியிலேயே கம்பைல் செய்து பார்ப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் நிரலுக்குள் வைக்கும் பெயரில்தான் வந்து நிற்கின்றன. இந்தப் பெயர் ஏன் இப்படி இருக்கிறது, மாற்றலாமா, மாற்றினால் யாருக்கு என்ன தொந்தரவு. எனக்கும் மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கிட் நிரலைப் படித்துக்கொண்டு வரும்போது ஒரு ஃபங்ஷனில் ஒரு வேரியபிளின் பெயருக்கும் அது செய்யும் வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருப்பதைப் பார்த்தேன். அந்தப் பெயரை மட்டும் மாற்றி, அந்த மாற்றத்தை என் முதல் பேட்ச்சாக அனுப்பலாமா? தோழிகள் "இதெல்லாம் ஒரு பேட்ச்சா" என்கிறார்கள். (மாணவி, திருநெல்வேலி)

பதில்: அனுப்பலாம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் ஏற்றுக்கொள்ள யோசிப்பார்கள், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. கிட் நிரலோடு 'டாக்குமென்டேஷன்' என்ற அடைவில் 'கோடிங்கைட்லைன்ஸ்' என்று ஒரு கோப்பு வரும். அவசியம் படியுங்கள். உண்மையான ஒரு மாற்றத்தைச் செய்யப் போகும்போது, அதற்கு முன்னேற்பாடாக அந்த இடத்தைச் சுத்தம் செய்வது நல்லது, வெறும் ஒழுங்குக்காக மட்டும் நிரலைக் கிளறாதீர்கள் என்பது அதில் இருக்கும் சாரம்.

ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்றால், கிட்டில் எந்த நேரத்திலும் பல பேருடைய வேலை பாதி வழியில் இருக்கும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார், அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ கைக்கு வந்தது, அன்றிலிருந்து அவர்தான் எல்லாருடைய பேட்ச்களையும் வாங்கி, 'சீன்', 'நெக்ஸ்ட்', 'மாஸ்டர்' என்ற பிராஞ்ச்களில், அதாவது நிரலின் தனித்தனிக் கிளைகளில், படிப்படியாக ஏற்றி வருகிறார். இந்த 'சீன்' பிராஞ்சுக்கே 2020 வரை 'பியூ' என்றுதான் பெயர், அதுவும் மாற்றப்பட்டதுதான். இப்போது நீங்கள் ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) உள்ளே இருக்கும் பெயரை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வாரம் வேறு நாட்டில் இருக்கும் ஒருவர், நீங்கள் தொடாத இன்னொரு கோப்பில், பழைய பெயரை நம்பிப் புதிதாக நான்கு வரி எழுதுகிறார். இரண்டு பேரும் ஒரே வரியைத் தொடவில்லை, ஆகவே மெர்ஜ் (இரண்டு பேர் வேலையையும் இணைப்பது) சத்தமில்லாமல் முடிந்துவிடும், மோதல் என்று கிட் ஒரு வார்த்தை சொல்லாது. கம்பைல் செய்யும்போதுதான் அப்படி ஒரு பெயரே இல்லை என்று நிற்கும். அதைச் சரிசெய்வது உங்கள் வேலையாகவும் இருக்காது, அவருடைய வேலையாகவும் இருக்காது, நடுவில் இருந்து இணைப்பவர் தலையில் விழும். அதனால்தான் பெயர் மாற்றத்துக்கு ஒரு பலன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும்.

அதே சமயம் பெயர் மாற்றத்தை மட்டுமே நோக்கமாகக் கொண்ட பேட்ச்கள் அங்கே போயிருக்கின்றன. 2018 தொடக்கத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பேட்ச்கள் கொண்ட ஒரு தொடர் வந்தது. கிட் எழுதப்பட்டிருப்பது சி மொழியில், சி-யில் 'நியூ', 'திஸ்', 'டெம்ப்ளேட்', 'ட்ரை' எல்லாம் சாதாரணப் பெயர்கள், ஆனால் சி பிளஸ் பிளஸ் மொழியில் அவை ஒதுக்கப்பட்ட சொற்கள். அந்தப் பெயர்கள் இருக்கும் வரை சி பிளஸ் பிளஸ் கம்பைலரிடம் இந்த நிரலைக் கொடுக்கவே முடியாது. ஆகவே கோப்பு கோப்பாக, ஒரு பேட்ச்சுக்கு ஒரு சொல் என்று மாற்றினார்கள். தலைப்பைப் பாருங்கள்: 'பிளேம்: ரீநேம் திஸ் வேரியபிள்ஸ்'. முதலில் எந்தப் பகுதி, பிறகு என்ன செய்கிறோம், அவ்வளவுதான். செக்அவுட் கோப்பில் வெறும் 'நியூ' என்று இருந்தது 'நியூ பிராஞ்ச் இன்ஃபோ' ஆனது. இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறந்து படிக்கும் ஒருவருக்கு 'புதியது என்றால் எது' என்ற கேள்வி வராது, பெயரே சொல்லிவிடுகிறது. காரணம் கம்பைலர்தான், ஆனால் அதிகம் பயன் பெற்றது படிக்கிறவர்கள் என்பது என் எண்ணம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அந்த ஃபங்ஷனை நீங்கள் எதற்காகப் படித்தீர்களோ அந்த வேலையை முடியுங்கள். ஒரு பிழைத்திருத்தமோ, விடுபட்ட ஒரு சோதனையோ எதுவாகவும் இருக்கட்டும். பிறகு இரண்டு பேட்ச்சாகப் பிரியுங்கள். முதல் பேட்ச் பெயர் மாற்றம் மட்டும், நிரலின் நடத்தையில் ஓர் இம்மி மாற்றம் கூடாது. இரண்டாவதில் உண்மையான வேலை. இரண்டையும் ஒரே கமிட்டில் (கிட்டில் சேமிக்கும் ஒரு பதிவு) கலந்துவிட்டால் ரிவ்யூ செய்கிறவர் அறுபது வரி பெயர் மாற்றத்துக்கு நடுவில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு வரி லாஜிக் மாற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பார், கண் தவறவிடும். பிரித்து அனுப்பினால் முதல் பேட்ச்சை 'கிட் ஷோ' கட்டளையில் 'கலர்-வேர்ட்ஸ்' சேர்த்துப் பார்த்தாலே போதும், சொல் சொல்லாகப் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலும் வரும், அந்த ஒரே ஜோடியைத் தவிர வேறு எதுவும் நிறம் மாறியிருக்கக் கூடாது. நீங்களும் அனுப்புவதற்கு முன் இதே மாதிரி ஒருமுறை பாருங்கள்.

கமிட் செய்தியில் என்ன செய்தீர்கள் என்பதைவிட ஏன் என்பதை எழுதுங்கள். என்ன என்பது டிஃப்பிலேயே, அதாவது பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசப் பட்டியலிலேயே, தெரிகிறது. "இந்த வேரியபிள் நீளத்தை வைத்திருப்பதாகப் பெயர் சொல்கிறது, உண்மையில் அது அடுத்து எழுத வேண்டிய இடத்தைக் குறிக்கிறது, அடுத்த பேட்ச்சில் இங்கே உண்மையான நீளமும் தேவைப்படுவதால் குழப்பம் வராமல் இருக்க இப்போதே மாற்றுகிறோம்" என்கிற மாதிரி. ஒவ்வொரு பேட்ச்சும் தனித்தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், 'டி' அடைவில் இருக்கும் சோதனைகள் எல்லாம் ஓட வேண்டும். முதல் பேட்ச் மட்டும் இருக்கும் நிலையில் உடைந்து கிடந்தால் நாளைக்கு 'கிட் பைசெக்ட்' ஓட்டிப் பிழை நுழைந்த கமிட்டைத் தேடுகிறவர் உங்கள் கமிட்டில் வந்து தடுக்கி விழுவார்.

தோழிகள் சொல்வதற்குப் பதில் கேட்டீர்கள் என்றால், கவனமாகப் பிரித்து, காரணம் எழுதி அனுப்பிய ஒரு பெயர் மாற்ற பேட்ச் நிச்சயமாக ஒரு பேட்ச்தான். முதல் முறை அனுப்புகிறவருக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த பத்து பேட்ச்சும் நன்றாக வரும்.

கேள்வி: அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு செட் என்ற, எழுத்தைத் தேடி மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன், ஒரே வரியில் எல்லாக் கோப்புகளிலும் மாறிவிடுகிறது. சீனியர் ஒருவர் அதைத் தொடவே கூடாது என்கிறார். அவ்வளவு ஆபத்தா சார்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எல்-இ-என் என்று மூன்றே எழுத்தில் ஒரு வேரியபிள், அதை முழுதாக 'லெங்த்' என்று மாற்றச் சொன்னார்கள். நான் செட்டில் முழுச்சொல் எல்லை போடாமல் ஓட்டிவிட்டேன். ஆங்கிலத்தில் 'சைலன்ட்' என்ற சொல்லை எழுதிப் பாருங்கள், நடுவில் அந்த மூன்று எழுத்தும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அமைதியாக ஓடு என்று சொல்லும் ஆப்ஷனின் பெயர் அந்த நிரலில் ஒரு சரத்துக்குள் இருந்தது, அதுவும் சேர்ந்து மாறிவிட்டது. சரத்துக்குள் இருப்பதைக் கம்பைலர் பார்ப்பதில்லை, ஆகவே கம்பைல் சுத்தமாக ஆனது. இரவு ஓடும் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் தெரியாத ஆப்ஷன் என்று சொல்லி நின்றன. காலையில் வந்து பார்த்தபோது மூன்று பேர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள், எவர் கண்ணுக்கும் அந்த உருக்குலைந்த சொல் படவில்லை, ஏனென்றால் என் கமிட்டில் இருநூறு வரிக்கு மேல் அதே மாதிரி மாறியிருந்தது.

அதற்காக செட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் 'கிட் க்ரெப்' கட்டளையை முழுச்சொல் தேடும் ஆப்ஷனோடு ஓட்டி எத்தனை இடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மாற்றிய பிறகு டிஃப்பில் இருக்கும் எண்ணிக்கையும் அதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். குறிப்புரைகளிலும் ஆவணங்களிலும் பழைய பெயர் மிச்சம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், குறிப்புரையில் செத்துப்போன பெயர் இருப்பது பெயரை மாற்றாமல் விட்டதைவிட மோசம்.

அப்புறம் இதைவிட நுணுக்கமான ஒன்று. புதிய பெயர் அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபங்ஷனின் மேலே 'என்' என்று இருப்பதை 'கவுன்ட்' என்று மாற்றுகிறீர்கள், கீழே ஒரு லூப்புக்குள் வேறொருவர் எப்போதோ 'கவுன்ட்' என்று இன்னொன்றை அறிவித்து வைத்திருக்கிறார். லூப்புக்குள் நீங்கள் மாற்றிய பெயர் இப்போது உங்கள் வேரியபிளைக் குறிக்காது, உள்ளே இருப்பதைக் குறிக்கும். சி மொழியில் இது பிழையே இல்லை, சாதாரணமாகக் கம்பைல் ஆகும், கணக்கு மட்டும் தப்பாக வரும். ஜிசிசி என்ற சி கம்பைலரில் 'டபிள்யூ-ஷேடோ' என்ற எச்சரிக்கையை, பெயர் மாற்றும் நாளிலாவது, போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கிட்டில் 'இன்டெக்ஸ்' என்கிறார்கள், 'கேச்டு' என்கிறார்கள், 'ஸ்டேஜ்' என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? ஒன்று என்றால் ஏன் ஒரே பெயராக மாற்றவில்லை? (ஆசிரியை, மதுரை)

பதில்: ஒன்றுதான் டீச்சர். அடுத்த கமிட்டுக்குள் என்னென்ன போக வேண்டும் என்று குறித்து வைக்கும் அந்த இடத்துக்கு மூன்று பெயர். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும்.

2005 ஏப்ரலில் வந்த முதல் கமிட்டில் இப்போது நாம் பார்க்கும் '.கிட்' என்ற அடைவு கிடையாது. அதன் பெயர் '.டிர்கேச்'. அடைவின் நிலவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் கேச் என்ற பொருளில் வைத்தது. நிரலுக்குள் எல்லா இடத்திலும் அந்தக் கேச்தான்: 'கேச் என்ட்ரி', 'ரீட் கேச்', எல்லாவற்றுக்கும் பொதுவான 'கேச்.ஹெச்' என்ற கோப்பு. அடைவின் பெயர் சீக்கிரமே '.கிட்' என்று மாறிவிட்டது, அந்தக் கோப்பை இன்டெக்ஸ் என்று சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது, ஆனால் உள்ளே இருந்த பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன.

மாணவர்களுக்கு ஒன்று செய்து காட்டுங்கள். ஏதாவது ஒரு கிட் கிடங்குக்குள் போய், '.கிட்' அடைவுக்குள் இருக்கும் 'இன்டெக்ஸ்' கோப்பின் முதல் நான்கு பைட்டை மட்டும் 'ஹெட்' கட்டளையால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டி, ஐ, ஆர், சி என்று நான்கு எழுத்து வரும். டிர்கேச் என்பதன் சுருக்கம். 2005-ல் வைத்த பெயர், நேற்றைக்கு உருவாக்கிய கிடங்கிலும் முதல் நான்கு பைட்டாக இருக்கிறது. அதை மாற்றினால் பழைய கிட் எதுவும் புதிய கோப்பைத் திறக்காது, உலகம் முழுக்க இருக்கும் கருவிகள் அந்த நான்கு எழுத்தைப் பார்த்துத்தான் இது இன்டெக்ஸ் கோப்பு என்று அறிகின்றன.

நம் வீடுகளில் கூப்பிடும் பெயர் ஒன்றும் ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ஒன்றும் இருக்குமே, அதே கதைதான். கூப்பிடும் பெயரை வீட்டுக்காரர்கள் நாலு பேர் கூடிப் பேசி மாற்றிக்கொள்ளலாம். கார்டில் இருப்பதை மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பெயரை நம்பி எங்கெல்லாம் பதிந்திருக்கிறார்களோ அங்கெல்லாம் போக வேண்டும். நிரலுக்குள் மட்டும் இருக்கும் பெயர்களை கிட்காரர்கள் மாற்றிக்கொண்டேதான் வருகிறார்கள். அந்த 'கேச்.ஹெச்' கோப்பு பதினெட்டு ஆண்டுகள் இருந்தது, 2023-ல் அதைப் பல சிறு கோப்புகளாகப் பிரித்து, கடைசியில் அதையே எடுத்துவிட்டார்கள். வெளியே தெரியும் பெயரை, அதாவது 'கிட் டிஃப்' கட்டளைக்குக் கொடுக்கும் 'கேச்டு' ஆப்ஷனை, யாரும் எடுக்கவில்லை, அதே பொருளில் 'ஸ்டேஜ்டு' என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். எத்தனையோ ஸ்கிரிப்ட்களில் பழையது இருக்கிறது, அதைப் பிடுங்க முடியாது.

வெளிப் பெயரை மாற்றவே முடியாது என்றும் இல்லை, சீக்கிரம் செய்ய வேண்டும். முதல் கமிட்டில் பொருள்களைச் சேமிக்கும் இடத்தைச் சொல்லும் சூழல் வேரியபிளின் பெயர் 'ஷா1 ஃபைல் டைரக்டரி'. இப்படிப் பொதுவான பெயர்கள் மற்ற மென்பொருள்களோடு மோதும் என்று ஒருவர் சுட்டிக்காட்ட, 2005 மே மாதமே எல்லாவற்றுக்கும் முன்னால் 'கிட்' என்று சேர்த்துப் பெயர் மாற்றினார்கள், இது 'கிட் ஆப்ஜெக்ட் டைரக்டரி' ஆனது. அன்று செய்த முறைதான் எனக்குப் பிடித்தது: புதிய பெயரில் மதிப்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பழைய பெயரில் பார், பழையதில் கிடைத்தால் எச்சரிக்கை கொடு. ஆட்கள் பழகிய பிறகு பழையதை எடுத்துவிட்டார்கள். திட்டம் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதால் அது சாத்தியமானது.

கேள்வி: பெயர் மாற்றத்தால் மென்பொருளுக்கே உண்மையான லாபம் கிடைத்த உதாரணம் ஏதாவது உண்டா? அழகு, படிக்க எளிமை என்பதையெல்லாம் மேலாளர் கேட்பதில்லை. (வாசகர், சென்னை)

பதில்: இரண்டு சொல்கிறேன். முதலாவது கிட்டிலேயே நடந்த மிகப் பெரிய பெயர் மாற்றம். ஒவ்வொரு கமிட்டுக்கும் கோப்புக்கும் அடையாளமாக வரும் அந்த நீளமான எண்ணை நிரலில் 'ஷா1' என்ற பெயரில், 20 பைட் அளவில், வெறும் பைட் வரிசையாக வைத்திருந்தார்கள். எஸ்ஹெச்ஏ-1 என்ற முறையில் கணக்கிட்டதால் அந்தப் பெயர். ஃபங்ஷன் பெயர், கோப்புப் பெயர், வேரியபிள் பெயர் எல்லாவற்றிலும் அதுவே, அதோடு 20, 40 என்ற எண்களும் அங்கங்கே அப்படியே எழுதப்பட்டிருந்தன. முறையை மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது? 2015-ல் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்று ஒரு ஸ்ட்ரக்ட் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஷா1 என்ற பெயரையெல்லாம் 'ஓஐடி' என்று மாற்றத் தொடங்கினார்கள். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஒரே எஸ்ஹெச்ஏ-1 மதிப்பு வரும் இரண்டு வேறு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டு, அந்த முறையை இனி நம்ப முடியாது என்று காட்டியபோது இந்த வேலை பாதி வழியில் இருந்தது. தொடங்காமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் சிறு சிறு தொடர்களாக மாற்றி, 2020 அக்டோபரில் வந்த 2.29 பதிப்பில் 32 பைட் கொண்ட எஸ்ஹெச்ஏ-256 முறையில் சோதனையாக ஒரு கிடங்கை உருவாக்க முடிந்தது.

இவ்வளவையும் கையால் மட்டும் செய்யவில்லை. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில், லினக்ஸ் கெர்னலை மனதில் வைத்து உருவாக்கிய 'காக்சினெல்' என்ற கருவியையும் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொறிவண்டு என்று பொருள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் வண்டு. செட் மாதிரி எழுத்தைப் பார்க்காமல் இது சி-யின் இலக்கணத்தைப் பார்க்கும். 'எந்த இரண்டு கோவைகளானாலும் சரி, அவற்றின் உள்ளே இருக்கும் பைட்களை ஹேஷ்காப்பி ஃபங்ஷனால் நகல் எடுத்திருந்தால், அதை எடுத்துவிட்டு ஓஐடிகாப்பி போடு' என்று டிஃப் போலவே கழித்தல் வரி, கூட்டல் வரியாக ஒரு விதி எழுதினால் போதும். அப்படிப்பட்ட விதிகள் கிட் நிரலோடு சேர்ந்தே வருகின்றன.

இரண்டாவது சப்வெர்ஷன், கிட் போலவே மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இன்னொரு மென்பொருள். அதில் நினைவகத்தை 'பூல்' என்ற தொட்டியாக எடுத்து, வேலை முடிந்ததும் தொட்டியையே காலி செய்வார்கள். ஆரம்பத்தில் ஃபங்ஷன்களுக்கு ஒரே ஒரு பூல், பெயரும் வெறும் 'பூல்'. திருப்பித் தரப்போகும் விடையும் அதிலேயே, இடையில் போட்டுக் கிறுக்கிய கணக்கும் அதிலேயே. பிறகு இரண்டாகப் பிரித்து 'ரிசல்ட் பூல்', 'ஸ்க்ராட்ச் பூல்' என்று பெயர் வைத்தார்கள். அந்த இரண்டு பெயரைப் பார்த்தாலே எது தங்கும், எதை உடனே காலி செய்யலாம் என்று கூப்பிடுகிறவருக்குத் தெரிந்துவிடும். லூப்புக்குள் கிறுக்கல் தொட்டியை ஒவ்வொரு சுற்றிலும் காலி செய்யலாம், நினைவகம் வீங்காது.

இதிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேரியபிளின் டைப் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறுகிறது என்றால் (முன்பு நொடியில் இருந்தது இப்போது மில்லிநொடி என்பது போல) பெயரையும் கட்டாயம் மாற்றுங்கள். பழைய பொருளை நம்பி இன்னொரு பிராஞ்சில் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் உடனே கம்பைல் ஆகாமல் நிற்கும். நிற்பதுதான் நமக்கு வேண்டும். பெயரை மாற்றாமல் விட்டால் அது கம்பைல் ஆகி, ஆயிரம் மடங்கு தப்பான எண்ணோடு வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும்.

கேள்வி: ஒரு பெரிய பெயர் மாற்றம் செய்தேன், அன்றிலிருந்து 'கிட் பிளேம்' (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) பார்த்தால் எல்லா வரியிலும் என் பெயர். யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வருகிறார்கள். (வாசகி, பெங்களூரு)

பதில்: 2019-ல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இதற்கு வழி இருக்கிறது. பிளேம் கட்டளைக்கு 'இக்னோர்-ரெவ்' என்று சொல்லி உங்கள் கமிட்டைக் கொடுத்தால் அதைத் தாண்டி, அதற்கு முன் அந்த வரியை எழுதியவரைக் காட்டும். ஒவ்வொரு முறையும் தட்டாமல் இருக்க, இப்படித் தாண்ட வேண்டிய கமிட்களின் முழு அடையாளத்தை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதிக் கிடங்கிலேயே வைத்துவிட்டு, 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' என்ற அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிடுங்கள். கோப்பு கிடங்கோடு எல்லாருக்கும் வரும், அமைப்பை மட்டும் குழுவில் ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒருமுறை போட வேண்டும்.

இரண்டு விஷயம். உங்கள் கமிட்டில் பெயர் மாற்றத்தோடு வேறு வேலையும் கலந்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், அந்த வேலைக்கான பொறுப்பும் தப்பான ஆளிடம் போய்விடும். மெர்ஜுக்கு முன் ஸ்குவாஷோ (பல கமிட்களை ஒன்றாக்குவது) ரீபேஸோ (கமிட்களை வேறொரு கமிட் மேல் மாற்றி அடுக்குவது) செய்தால் கமிட்டின் அடையாளம் மாறிவிடும், ஆகவே எல்லாம் முடிந்து முதன்மை பிராஞ்சுக்குப் போன பிறகு வரும் அடையாளத்தைத்தான் எழுத வேண்டும். பழைய பெயர் எப்போது காணாமல் போனது என்று தேட வேண்டுமென்றால் 'கிட் லாக்' கட்டளையில் பெரிய எஸ் ஆப்ஷனோடு அந்தப் பெயரைக் கொடுங்கள், அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்கள் மட்டும் வரும்.

கேள்வி: தமிழிலேயே வேரியபிள் பெயர் வைத்தால் என்ன? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. கிட் அதை ஏற்குமா? (தன்னார்வலர், தஞ்சாவூர்)

பதில்: ரொம்ப நல்ல ஆசை, செய்யுங்கள். பைத்தான் 3-ல் தமிழ் எழுத்துகளில் பெயர் வைக்கலாம், 'மொத்தம்' என்று எழுதி அதில் கூட்டிக்கொண்டே போகலாம், பிள்ளைகள் முகத்தில் அப்போது வரும் தெளிவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சி-யில் எழுதினாலும் ஜிசிசி 10-ஆம் பதிப்பிலிருந்து நேரடியாக ஏற்கிறது. கிட்டுக்கு எல்லாமே பைட்தான், அது ஆட்சேபிக்காது. கிட் மென்பொருளின் சொந்த நிரலுக்குள் மட்டும் ஆங்கிலம்தான், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து படிப்பதால் அது சரிதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் பெயரை மாற்றும் நாளில் ஒரு சிக்கல் வரும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 'மொத்தம்' என்பதில் இருக்கும் 'மொ'வை எடுத்துக்கொள்வோம். யுனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்து உள்ளே வேறாக இருக்கலாம். பைத்தான் படிக்கும்போதே இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஆகவே நிரல் ஒழுங்காக ஓடும். 'கிட் க்ரெப்' அப்படிச் செய்யாது, நீங்கள் கொடுத்த குறியீட்டை அப்படியே தேடும். பத்து இடத்தில் இருக்கும் பெயரைத் தேடினால் ஏழு என்று சொல்லும், நீங்களும் ஏழை மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைப்பீர்கள், மிச்சம் மூன்று பழைய பெயரிலேயே கிடக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே முதல் வகுப்பிலேயே எல்லாரும் ஒரே விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளட்டும். அதோடு, பிள்ளைகள் எழுதியதைக் கமிட் செய்வதற்கு முன் பைத்தானின் 'யுனிகோட்டேட்டா' மாட்யூலைக் கொண்டு கோப்பை என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப்பட்ட குறிகளை ஒரே குறியீடாக எழுதும் வடிவம்) மாற்றும் ஐந்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, கமிட்டுக்கு முன் தானாக ஓடும் கிட்டின் 'ப்ரீ-கமிட்' ஹுக்கில் போட்டுவிடுங்கள். அந்த ஹுக் கிடங்கோடு சேர்ந்து நகலாகாது, ஒவ்வொரு கணினியிலும் தனியாகப் போட வேண்டும்.